செலிகாவா, ரைஸா? மலைநாட்டு ரோட்டில் வைத்துப் பார்த்தால்

தம்பி கேட்டிருப்பது இதுதான். வேலை ஹட்டனில். பெற்றோர் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். வீட்டில் மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும். ஒரு பக்கம் 2001ஆம் ஆண்டு டொயோட்டா செலிகா என்ற இரண்டு கதவுக் கூபே (ஸ்போர்ட்ஸ் கார்), எஸ்.எஸ். டூ வகை, ஆறு கியர் மெனுவல். கையில் இருக்கும் காசுக்குள் முடிந்துவிடும். மறுபக்கம் 2022 தயாரிப்பு டொயோட்டா ரைஸ் டர்போ என்ற சிறிய, உயரமான குரொஸ்ஓவர்; மீதிக் காசுக்கு லீசிங் போட வேண்டும். உங்கள் மனம் செலிகாவில், வீட்டாரின் பேச்சு ரைஸில். எதை எடுப்பது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரே ஒரு வாகனம்தான் நிற்கப் போகிறது என்றால் ரைஸை எடுங்கள். ஆனால் வீட்டார் ரைஸுக்குச் சொல்லும் காரணத்தையும் நான் ஏற்கவில்லை, நீங்கள் செலிகாவுக்குச் சொல்லும் காரணத்தையும் ஏற்கவில்லை. "190 குதிரைச் சக்தி, மலையில் பறக்கும்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "ஜீப் மாதிரி உயரம், எந்த ரோட்டிலும் போகும்" என்று அவர்கள் சொல்கிறார்கள். மலைநாட்டில் இரண்டும் அப்படி நடப்பதில்லை. இங்கே வாகனத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: இறக்கம், அப்புறம் பெரிய ரோட்டில் இருந்து வீட்டு வாசல் வரைக்குமான தோட்டத்து ரோடு.

முதலில் அந்த 190ஐ எடுத்துக்கொள்வோம். எஸ்.எஸ். டூவில் இருப்பது 2இசட்இசட்-ஜிஈ என்ற 1.8 லீற்றர் எஞ்சின். டொயோட்டா, யமஹாவோடு சேர்ந்து செய்தது. பின்னாளில் லோட்டஸ் எலீஸிலும் இதே எஞ்சினைப் போட்டார்கள் என்றால் தரம் புரியும். ஆனால் அந்த 190 வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 7600 சுற்று சுற்றும்போதுதான். சுமார் 6200 சுற்றைத் தாண்டும்போது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம் மாறி, வால்வுகள் இன்னும் ஆழமாகத் திறக்கும். அந்தச் சத்தத்துக்கும் இழுவைக்கும்தான் ஆட்கள் இந்தக் காரைத் தேடுகிறார்கள். அதற்குக் கீழே அது ஒரு நல்ல 1.8 லீற்றர் எஞ்சின், அவ்வளவுதான். இரண்டாம் கியரில் 6200 சுற்று வர வேண்டுமானால் கார் மணிக்கு 75 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஊருக்கு வெளியேகூடக் காருக்குச் சட்டம் அனுமதிப்பது 70தான். டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா போகும் ரோட்டில், வளைவுக்கு வளைவு பஸ் வரும் இடத்தில், அந்த வேகத்தை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். ஆக நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சக்தியின் மேல்பாதி, நீங்கள் தினமும் போகும் ரோட்டில் ஒருநாளும் வெளியே வராது.

அடுத்தது காற்று. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஹட்டன் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ற அளவுதான் பெற்றோலை எரிக்க முடியும். எனவே செலிகாவின் 190, நுவரெலியாவில் 160க்குக் கீழே வந்துவிடும். ரைஸின் கதை வேறு. அதில் 996 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ. 98 குதிரைச் சக்தி என்று கேட்டால் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் அதன் 140 நியூட்டன் மீற்றர் இழுவை 2400 சுற்றிலேயே வந்து 4000 வரை நிற்கிறது. மெல்லிய காற்றை டர்போ அமுக்கிக் கொடுப்பதால் உயரத்தில் இழப்பும் குறைவு. எடை சுமார் 1050 கிலோ. செலிகா அதைவிடத் தொண்ணூறு கிலோ அளவு கூட. இரண்டாம் கியரில் 3000 சுற்றில் ஏறிக்கொண்டிருக்கும் செலிகாவுக்குப் பின்னால் ரைஸ் வந்தால், ரைஸ் பின்தங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். ஐந்து பேரும் சாமானும் ஏறினால் மூன்று சிலிண்டரின் சத்தம் உள்ளே கேட்கும், சி.வி.டி. என்ற பெல்ட் வகை ஓட்டோ கியர் எஞ்சினை ஒரே சுற்றில் பிடித்து வைத்துக்கொண்டு முனகும். அது காதுக்குப் பிடிக்காது. ஆனால் ஏறும்.

சித்திரை சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டை மூடி, எதிரே ஒரு வாகனமும் வராது என்று உறுதி செய்து, ஒவ்வொரு காராக மேலே விடுவார்கள். 2இசட்இசட் மாதிரி எஞ்சின் முழுமையாக வாய் திறப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான். அந்த ஆசை உங்களுக்கு இருந்தால் அது நல்ல ஆசை. தினமும் வேலைக்குப் போகிற ரோட்டோடு அதைக் கலக்கக் கூடாது.

இனி இறக்கம். செலிகாவுக்கு உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1305 மில்லிமீற்றர்தான் உயரம். எடை தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பின்பக்கத்தில் டபுள் விஷ்போன் என்ற, ஒவ்வொரு சில்லும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன், நாலு சில்லிலும் டிஸ்க் பிரேக். வளைவுக்குள் நுழையும்போது உடம்பு சாயாது, ஸ்டீயரிங் கையில் ரோட்டைச் சொல்லும். கினிகத்தேனைக்கு இறங்கும் வளைவுகளில் இரண்டாம் கியரில் விட்டு, பிரேக்கை அடிக்கடி தொடாமலே சீராக இறங்க முடியும். ரைஸ் 1620 மில்லிமீற்றர் உயரம். பின்னால் இரு சில்லையும் ஒரே சட்டத்தால் இணைக்கும் டோர்ஷன் பீம், பின் சில்லுகளுக்கு டிரம் பிரேக். மோசமான கார் இல்லை. ஆனால் அதே வளைவை அதே வேகத்தில் எடுத்தால் உள்ளே இருப்பவர்கள் சாய்வார்கள். வேகத்தைக் குறைத்தே எடுக்க வேண்டும்.

ஓட்டோ கியர் வாகனத்தில் மலை இறங்கும் பலர் லிவரை டி.யில் போட்டுவிட்டு வழி முழுக்கப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். பழைய லொறி டிரைவர்மார் சொல்லும் விதி, ஏறின கியரிலேயே இறங்கு என்பது. சி.வி.டி. வாகனத்துக்கும் அதுதான் விதி. கையால் மாற்றும் படியில் போட்டுக் கீழ்ப்படியில் பிடித்து இறக்குங்கள், எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். 2023 ஜனவரியில் பஸ் மோதி ஏழு உயிர் போன ரதெல்லைக் குறுக்குவழியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவில் பிரேக் மட்டும் போதாது. எந்தக் காரை எடுத்தாலும் வாங்கிய வாரமே பிரேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம்முடைய ஊரில் ஈரத்துக்கா குறை? டொட் 4 வகை ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 155 அளவுக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழி விட்டால், பிரேக் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவு இல்லை.

உங்கள் மாமா ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினோடு மின் மோட்டரும் உள்ள) ஹொண்டா வெசெல் ஒன்றைப் பாருங்கள் என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் தலைமுறை வெசெல் நல்ல வாகனம். இடமும் ரைஸைவிடக் கூட. ஆனால் அதில் ஏழு படி உலர் (ஒயிலில் நனையாத) இரட்டைக் கிளட்ச் கியர் இருக்கிறது. ஆரம்ப மொடல்களின் கியர் மென்பொருளுக்காக ஜப்பானிலேயே பல தடவை திரும்ப அழைத்தார்கள். சமவெளியில் பிரச்சினை குறைவு. ஏற்றத்தில், வரிசையாக ஊர்ந்து போகும் நெரிசலில், கிளட்ச் அரைபட்டு அரைபட்டுச் சூடேறும். சீசன் நாளில் நானுஓயாவில் இருந்து நுவரெலியா வரை ஊர்வதை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று, நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம் குறைகிறது. இறக்கத்தில் ஹைபிரிட்டின் மின் மோட்டர் பெட்டரியை நிரப்பியபடி காரைப் பிடித்து வைக்க உதவும்; ஆனால் அந்தச் சிறிய பெட்டரி வழியில் சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அதன் மின் பிரேக் உதவி குறையும். எஞ்சினும் பிரேக்கும்தான் மிச்சம். தெரிந்து ஓட்டினால் ஆபத்தில்லை.

இப்போது தோட்டத்து ரோடு. உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது: "பெரிய ரோட்டில் இருந்து கொஞ்சத் தூரம் உள்ளே." அந்தக் கொஞ்சத் தூரம்தான் என் முடிவுக்குக் காரணம். ஹட்டனில் இருந்து மஸ்கெலியா வரை காபட் ரோட்டில் எந்தக் காரும் போகும். உள்ளே திரும்பியதும் கல் பாவிய ரோடு, இடையில் கொங்கிறீட் துண்டு, மழைத் தண்ணீர் அறுத்த பள்ளம், ரோட்டைக் குறுக்காக வெட்டிய கான். செலிகாவுக்கு முன்சில்லுக்கு முன்னால் நீண்ட மூக்கு இருக்கிறது. கானுக்குள் சில்லு இறங்குவதற்கு முன்பே மூக்கு போய் இடிக்கும். சரித்துச் சரித்து, ஒரு சில்லாக இறக்கி எடுக்கலாம். ஒருநாள் செய்யலாம், வாரா வாரம் செய்ய முடியாது. முன் பம்பர் போகும், அதன் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டுப் போகும், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் சம்ப் அடிபட்டால் எஞ்சினே போகும். ரைஸுக்குத் தரையில் இருந்து 185 மில்லிமீற்றர் இடைவெளி. மூக்குக் குட்டை. திரும்பும் ஆரை ஐந்து மீற்றர் அளவுதான் என்பதால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) முன்னால் இருக்கும் சிறிய இடத்திலும் திருப்பி எடுக்கலாம். பழக்கப்பட்டால் இந்தத் திரும்பும் வசதியைத்தான் நீங்கள் அதிகம் மெச்சுவீர்கள்.

ஆனாலும் வீட்டார் சொல்வது போல் அது ஜீப் இல்லை. ஜப்பானில் 2021 நவம்பருக்குப் பிறகு வந்த ஒரு லீற்றர் டர்போ ரைஸ் நாலு சில்லு இழுவையோடு வருகிறது. இரு சில்லு இழுவைக்கு 1.2 லீற்றர் எஞ்சினை மாற்றிவிட்டார்கள். எனவே நீங்கள் பார்க்கும் 2022 மொடல் ஜப்பானில் இருந்து வந்த டர்போ என்றால் நாலு சில்லும் இழுக்கிறதா என்று புத்தகத்தில் பாருங்கள். இழுத்தாலும், முன்சில்லு வழுக்கும்போது பின்சில்லுக்குக் கொஞ்சம் இழுவை போகும், அவ்வளவே. லோ கியர் கிடையாது. மழையில் ஊறிய சிவப்பு மண்ணில் காரைத் தூக்கிவிடுவது டயர்தான். கட்டை தேய்ந்த டயரோடு நாலு சில்லு இழுத்தும் பயனில்லை. நல்ல டயர் போட்ட இரு சில்லு இழுவைக் கார் அதைத் தாண்டிப் போகும்.

ஆட்கள் ஏறுவதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. செலிகாவில் நாலு பேர்தான், பின்னால் இருவர் மடங்கி உட்கார வேண்டும். முழங்கால் நோவும் அப்பாவை முன் சீற்றை மடக்கிப் பின்னால் ஏறச் சொல்ல முடியாது. பிள்ளையைக் குழந்தைச் சீற்றில் கட்டுவதும் இரண்டு கதவுக் காரில் முதுகை ஒடிக்கிற வேலை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் இதை யோசிப்பதில்லை: வளைவு ரோட்டில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது. செலிகா குறைவாகச் சாய்கிறது, அதனால் நல்லது என்று தோன்றும். ஆனால் பின்சீற்றில் இருந்து வெளியே எதுவும் தெரியாது. கண்ணாடி சிறியது, சீற்று தாழ்வு. வெளியே பார்க்க முடியாத பிள்ளைக்குத்தான் தலை சுற்றும். ரைஸில் உயர இருந்து தேயிலையைப் பார்த்துக்கொண்டு வரும்.

பனிப்புகார் மூடும் நேரத்துக்கு வருவோம். "மலைநாட்டில் ஏ.சி. எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. குளிருக்காக இல்லை, கண்ணாடிக்காக. மழையில் ஈர உடுப்போடு நாலு பேர் ஏறினால் உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படியும். அதைச் சீக்கிரம் துடைப்பது ஏ.சி.தான், அது காற்றில் இருக்கும் ஈரத்தை எடுக்கும். இருபது வருடத்துக்கு மேற்பட்ட கூபேக்களில் ஏ.சி. வேலை செய்யாமல் இருப்பது சாதாரணம், "இங்கே தேவைப்படாது" என்று சொல்லித்தான் விற்பார்கள். ரதெல்லையிலோ ஹப்புத்தளையிலோ பின்னேரப் புகாரில் கண்ணாடி மங்கினால் 190 குதிரைச் சக்தி எதற்கு உதவும்? அந்தக் காரில் ஏ.சி. இல்லை என்றால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். திருத்தித் தந்தால்தான் எடுப்பேன் என்று சொல்லுங்கள்.

வயது என்பது கிலோமீற்றரை விடப் பெரிய விஷயம். செலிகாவின் ஏழாம் தலைமுறை 1999இல் வந்து 2006இல் நின்றது. நம்முடைய நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தாலும் பழைய கார் வர முடியாது, வயது எல்லை இருக்கிறது. இருக்கும் செலிகாக்கள்தான் இருக்கும், எண்ணிக்கை கூடாது. அதனால் சுத்தமான ஒன்றுக்கு விலை எளிதில் விழாது என்பது உண்மை. ஆனால் முன் லைட் ஒன்று உடைந்தால், கதவு நசுங்கினால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். எஞ்சின் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2இசட்இசட் எஞ்சினின் சிலிண்டர் சுவர் சாதாரண இரும்பு ஸ்லீவ் இல்லை, உலோகக் கலவையால் செய்தது. நம்முடைய கராஜ்களில் பழக்கப்பட்டபடி சிலிண்டரைக் கடைந்து (போர் பண்ணி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு எழுப்ப முடியாது. போனால் வேறு எஞ்சின் தேட வேண்டும்.

லீசிங்கைக் கண்டு பயப்படுகிறீர்கள். பயம் நியாயம்தான், மாதம் தவறினால் வாகனத்தைத் தூக்கிப் போவார்கள். ஆனால் கையிலிருக்கும் முழுக் காசையும் செலிகாவில் போட்டுவிட்டு, முதல் பெரிய வேலைக்குக் காசில்லாமல் காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது அதைவிட மோசம். செலிகாவை எடுப்பவர் விலையில் ஒரு நல்ல பங்கைத் தனியாக வைத்திருக்க வேண்டும்: புஷ்கள், ஷொக், எஞ்சின் மவுண்ட், நாலு டயர், பிரேக் குழாய்கள். றப்பராக இருப்பது எல்லாம் வயதால் இறுகிப் போயிருக்கும், ஓடாமல் நின்றிருந்தாலும். அந்தக் காசு இல்லை என்றால் லீசிங்தான் உங்களுக்குப் பாதுகாப்பான வழி, தவணை சம்பளத்துக்குள் அடங்கினால்.

செலிகாவை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். இதே கேள்வியை நுவரெலியாவில் வாசல் வரை தார் ரோடு உள்ள, தனியாக இருக்கும் ஒரு பிள்ளை கேட்டிருந்தால், யோசிக்காமல் செலிகா என்றிருப்பேன். அதிலும் எஸ்.எஸ். டூ இல்லை, எஸ்.எஸ். வன். அதில் 1இசட்இசட் எஞ்சின், 145 குதிரைச் சக்தி, கீழ்ச் சுற்றிலேயே நன்றாக இழுக்கும், மலை ரோட்டுக்கு அதுவே பொருத்தம். டொயோட்டாவின் அந்தக் காலத்து 1.8 லீற்றர் அலியன், பிரீமியோ, விஷ் போன்றவற்றில் இருக்கும் அதே எஞ்சின் என்பதால் சாமான் கிடைக்கும். ஆரம்ப வருடங்களில் வந்தவை பிஸ்டன் வளைய வடிவமைப்பால் ஒயில் குடிக்கும்; அதை மட்டும் சோதிக்க வேண்டும். அதிகாலையில், ரோடு காய்ந்திருக்கும்போது, தலவாக்கலையில் இருந்து லிந்துலைப் பக்கம் அப்படி ஒரு காரை மூன்றாம் கியரில் அமைதியாக வளைத்து வளைத்து ஓட்டும் சுகத்துக்கு எந்த குரொஸ்ஓவரும் பக்கத்தில் வராது. வேகம் வேண்டாம், 50இலேயே அந்தச் சுகம் இருக்கிறது.

எவ்வளவு சொன்னாலும் போய்ப் பார்ப்பீர்கள் என்று தெரியும். பார்ப்பதானால் இப்படிப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலப் புகை வருகிறதா பாருங்கள். ஒயில் குச்சியை இழுத்து அளவு பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு நேர் ஏற்றத்தில் முதல் கியரிலேயே மிதியுங்கள். 50 கிலோமீற்றர் அளவில் கேம் மாறுவது தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வால்வு இயங்கும் பகுதியில் உள்ள லிஃப்ட் போல்ட் தேய்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம், அல்லது ஒயில் சரியாகப் போகவில்லை. டயர் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். கட்டை எவ்வளவு இருந்தாலும் பத்து வருடத்து டயரோடு மலை இறங்காதீர்கள். பெற்றோல் 95 ஒக்டேன் ஊற்றுகிறாரா என்று கேளுங்கள். 11.5க்கு ஒன்று என்ற அமுக்க விகிதம் உள்ள எஞ்சினுக்கு 92 போதாது.

ரைஸைப் பார்க்கும்போது காரின் நிலையும் கிலோமீற்றரும் எழுதிய ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள், அதை மீற்றரில் இருக்கும் கிலோமீற்றரோடு ஒப்பிடுங்கள். கீழே படுத்துப் பாருங்கள். கல் ரோட்டில் அடிபட்டிருந்தால் அங்கே தெரியும். ரைஸைச் செய்வது டைஹட்சு. அந்தக் கம்பனி 2023இல் பாதுகாப்புப் பரிசோதனை முறைகேடுகளை ஒப்புக்கொண்டு அந்த ஆண்டுக் கடைசியில் எல்லா மொடல்களையும் அனுப்புவதை நிறுத்தியது; ரைஸில் முதலில் அகப்பட்டது ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனை. நீங்கள் பார்ப்பது ஹைபிரிட் இல்லை என்றாலும் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. வாங்கிய பிறகு எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு முன்பே மாற்றுங்கள், டர்போ அதில்தான் உயிர் வாழ்கிறது. சி.வி.டி. ஒயிலையும் புத்தகத்தில் உள்ள சமவெளிக் கணக்குக்கு விடாமல், கடினமான ஓட்டத்துக்கு என்று போட்டிருக்கும் கணக்கில் மாற்றுங்கள். ஹட்டனில் ஓடும் எந்த வாகனத்துக்கும் அதுதான் பொருந்தும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு வாகனத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்து வீட்டு வாசல் வரை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். செலிகாவை விற்பவர் கானைப் பார்த்ததும் வேண்டாம் என்பார். அப்படிச் சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.